பெங்களூரில் சபை ஜெபக்குழு தொடங்குகிறீர்களா? இதைப் படித்துவிட்டு ஆரம்பியுங்கள்

மூன்று முறை ஜெபக்குழு தொடங்கி, அதில் இரண்டைக் கலைத்தவன் நான். முதல் குழு நான்கு மாதம் ஓடியது. இரண்டாவது ஒன்றரை வருடம். மூன்றாவது இப்போது ஆறாவது வருடத்தில் இருக்கிறது. நான் பொறுப்பில் இல்லாததால்தான் அது நன்றாக நடக்கிறது என்று வீட்டில் சொல்கிறார்கள்.

எப்படி ஜெபிப்பது என்று சொல்லித்தர எனக்குத் தகுதி இல்லை, அதற்கு உங்கள் ஆயர் இருக்கிறார். குழுவை உடையாமல் நடத்துவது எப்படி என்பது மட்டும் அடிபட்டுக் கற்றது. ஊரிலிருந்து வேலைக்கு வந்து, இங்கே ஒரு தமிழ்ச் சபையில் சேர்ந்து, "தம்பி, நீங்க ஜெபக்குழுவைப் பார்த்துக்கோங்க" என்று தோளில் கை வைக்கப்பட்டவர்களுக்காக எழுதுகிறேன். நான் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபைக்காரன். பெந்தெகொஸ்தே சபையிலோ லுத்தரன் சபையிலோ இருப்பவர்கள் கமிட்டி, ஆயர் என்று வரும் இடங்களை உங்கள் வழக்கப்படி மாற்றிக்கொள்ளுங்கள்.

1. ஆள் சேர்க்கும் முன் அனுமதி

என் முதல் குழு செத்தது இதனால்தான். லிங்கராஜபுரத்தில் நான் குடியிருந்த வீட்டு மாடியில் எட்டுப் பேர் கூடினோம். நல்ல எண்ணம்தான். இரண்டாவது மாதமே சபையில் பேச்சு கிளம்பிவிட்டது: "தனியாக் கூட்டம் போடுறாங்களாமே, புதுச் சபை ஆரம்பிக்கப் போறாங்களோ?" அதற்குப் பிறகு போய் விளக்கம் சொன்னால் யார் நம்புவார்கள்?

ஆகவே முதல் வேலை, ஆயரை நேரில் பார்ப்பது. ஞாயிறு ஆராதனை முடிந்து வாசலில் கைகுலுக்கும்போது சொல்லாதீர்கள், அது அவர் காதில் ஏறாது. வார நாளில் நேரம் கேட்டுப் போங்கள். அவர் சரி என்ற பிறகு, ஆயருக்கும் சபைச் செயலாளருக்கும் முகவரியிட்டு ஒரு பக்கக் கடிதம். அதில் ஏழு விஷயம் இருந்தால் போதும்: எந்த நாள், எவ்வளவு நேரம், எந்த அறை, யார் பொறுப்பு, அவருக்கு அடுத்து யார், செலவு யாருடையது, எத்தனை மாதம் சோதனையாக நடத்துவது. கடைசி விஷயம்தான் காரியத்தைச் சாதிக்கும். "ஆறு மாதம் நடத்திப் பார்க்கிறோம், பிறகு கமிட்டி பார்த்து முடிவு சொல்லட்டும்" என்று எழுதினால் மறுப்பவர்கள் குறைவு.

கமிட்டி கூடி முடிவெடுத்தால் அதைத் தீர்மானமாகக் குறிப்பேட்டில் எழுதச் சொல்லுங்கள். அதில் ஒரு பிரதி உங்களிடம் இருக்கட்டும். ஆயர் மாற்றலாகிப் போவார், செயலாளர் மாறுவார். புதிதாக வருபவர் "இதை யார் அனுமதிச்சது?" என்று கேட்கும்போது நீட்ட ஒரு தாள் வேண்டும்.

கமிட்டி மாதம் ஒருமுறை கூடுவதுதான் பெரும்பாலும் வழக்கம் என்பதால், கடிதம் கொடுத்ததிலிருந்து நாலு முதல் ஆறு வாரம் ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அக்டோபருக்குப் பிறகு கொடுக்காதீர்கள். அறுப்பின் பண்டிகை, கேரல் ரவுண்ட்ஸ், கிறிஸ்துமஸ், வருடக் கடைசி இரவின் வாட்ச் நைட் ஆராதனை என்று ஜனவரி வரை யாருக்கும் மூச்சுவிட நேரம் இருக்காது. ஈஸ்டருக்கு முந்தின லெந்து நாட்களில் தொடங்கினால் கூட்டம் நன்றாக வரும், ஈஸ்டர் முடிந்ததும் காணாமல் போகும். என் அனுபவத்தில் ஜூன் நல்ல மாதம். பிள்ளைகளுக்குப் பள்ளி திறந்திருக்கும், ஊருக்குப் போனவர்கள் திரும்பியிருப்பார்கள்.

சபைத் தேர்தல் வரும் வருடம் என்றால் தேர்தல் முடியும்வரை பொறுங்கள். இல்லாவிட்டால் உங்கள் குழுவை யாராவது ஓட்டுக் கணக்கில் சேர்த்துவிடுவார்கள்.

2. ஆறு பேர் போதும்

பன்னிரண்டு பேர் வேண்டும் என்று ஆசைப்படுவீர்கள், அந்த எண்ணுக்கு ஒரு கவர்ச்சி உண்டு. வேண்டாம். வாரம் தவறாமல் வரக்கூடிய ஆறு பேர் போதும், அதில் குறைந்தது இரண்டு பெண்கள். கூட்டத்துக்கு யார் வேண்டுமானாலும் வரலாம். நான் சொல்வது மற்றவர்களின் ஜெபக்குறிப்பை, அதாவது எதற்காக ஜெபிக்க வேண்டும் என்று அவர்கள் எழுதித் தருவதை, கையில் வாங்கும் ஆறு பேரை.

யாரைத் தேர்ந்தெடுப்பது? நன்றாக ஜெபிப்பவரைத் தேடாதீர்கள். வாயை மூடத் தெரிந்தவரைத் தேடுங்கள். எங்கள் குழுவில் இருந்ததிலேயே உறுதியான ஆள் ஒரு நர்ஸ் அக்கா. கூட்டத்தில் அவர் சத்தமாக ஜெபித்து நான் கேட்டது ஐந்தாறு தடவைதான். ஆனால் வார்டில் பார்த்ததை வீட்டில் பேசாத பழக்கம் அவருக்கு இருபது வருடமாக இருந்தது.

ஆறு பேரிடமும் ஒரு தாளில் கையெழுத்து வாங்குங்கள். கேட்டதை வெளியே சொல்வதில்லை. ஆணும் பெண்ணும் தனி அறையில் கதவைச் சாத்திக்கொண்டு ஜெபிப்பதில்லை. வீடு சந்திக்க இரண்டு பேராகத்தான் போவது. பிள்ளைகளோடு ஜெபிக்கும்போது பெற்றோருக்குத் தெரிந்திருக்க வேண்டும், பெரியவர் இருவர் இருக்க வேண்டும். யாரிடமும் கடன் வாங்குவதில்லை, கொடுப்பதில்லை. "நமக்குள்ள எதுக்குத் தம்பி கையெழுத்து?" என்று மூத்தவர்கள் வருத்தப்படுவார்கள். நீங்கள் முதலில் போட்டுவிட்டு நீட்டுங்கள். கடன் விஷயம் ஏன் என்று கேட்டால், சீட்டுப் பணத் தகராறில் உடைந்த ஜெபக்குழுக்களைச் சிவாஜி நகர் பக்கம் யாரிடம் கேட்டாலும் சொல்வார்கள்.

3. நாளும் நேரமும்: டிராஃபிக்கை மதியுங்கள்

ஊரில் வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு மணி அடித்தால் தெருவே வரும். இங்கே வெள்ளி ஆறு மணிக்கு உங்கள் ஆட்களில் பாதிப்பேர் சில்க் போர்டிலும் ஹெப்பாலிலும் நிற்பார்கள். நாங்கள் வெள்ளி மாலை, புதன் மாலை, செவ்வாய் அதிகாலை என்று எல்லாவற்றையும் பார்த்துவிட்டோம். நிலைத்தது இரண்டே இரண்டு.

ஒன்று, ஞாயிறு காலை ஆராதனை முடிந்த உடனே வெஸ்ட்ரியில், அதாவது ஆயர் அங்கி மாற்றும் அறையில், அரை மணி நேரம். எப்படியும் கோயிலுக்கு வந்திருப்பார்கள், தனிப் பயணம் கிடையாது. மற்றது, வியாழன் இரவு ஒன்பதரைக்கு ஆன்லைன். பிஜியில் தங்கியிருக்கும் ஐடி பிள்ளைகள், ஷிப்டுக்குப் போகிறவர்கள், கைக்குழந்தைக்காரர்கள் இதில்தான் வருகிறார்கள். ஜூமின் இலவசக் கணக்கு 40 நிமிடத்தில் அறுந்துபோகும். எங்களுக்கு அது வரமாக அமைந்தது. எவ்வளவு நீளமாக ஜெபிப்பவரையும் ஜூம் நிறுத்திவிடும், யார் மனமும் நோகாது.

மாதம் ஒருமுறை உபவாச ஜெபம் வைப்பதாக இருந்தால், மெட்ரோவுக்கு நடந்து போகும் தூரத்தில் உள்ள இடமாகப் பாருங்கள். 2025 ஆகஸ்டில் மஞ்சள் தடம் திறந்த பிறகு எலெக்ட்ரானிக் சிட்டி பக்கமிருந்து வருகிறவர்கள் எங்கள் கூட்டத்தில் அதிகமாகியிருக்கிறார்கள். உபவாசம் என்றால் சர்க்கரை நோயாளிகளையும் கர்ப்பிணிகளையும் சாப்பிட்டுவிட்டு வரச் சொல்லுங்கள். இதைக் கூட்டத்தில் எல்லார் முன்னும் அறிவிப்பாகவே சொல்ல வேண்டும். தனியாகச் சொன்னால் வெட்கப்பட்டுச் சாப்பிடாமல் வந்து மயங்கி விழுவார்கள். விழுந்திருக்கிறார்கள்.

முழு இரவு ஜெபம் வைக்க ஆசையிருந்தால் சத்தத்தைப் பற்றி முதலில் யோசியுங்கள். நாடு முழுவதற்குமான 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி, ஒலிபெருக்கி வைக்க எழுத்துமூல அனுமதி வேண்டும். இரவு 10 முதல் காலை 6 வரை திறந்த வெளியில் வைக்கக் கூடாது. குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45 என்பதுதான் அளவு. 45 என்பது மெதுவாகப் பேசும் சத்தம். நாங்கள் இரவுக் கூட்டத்தில் மைக்கே வைப்பதில்லை. ஜன்னலைச் சாத்தி, கீபோர்டைக் கட்டி மூலையில் வைத்துவிட்டு, கீர்த்தனையை வாயால் பாடுகிறோம். அதற்கு முந்தின வாரமே பக்கத்து வீட்டுக்காரர்களிடம் கன்னடத்தில் சொல்லிவிட்டு வருவார், கோயிலைப் பார்த்துக்கொள்ளும் எங்கள் கோயில்பிள்ளை. ஒரு தட்டு கேக்கோடு போனால் இன்னும் நல்லது.

வாடகை வீட்டில் வாராவாரம் கெபி கூட்டம் (வீட்டு ஜெபக் கூட்டம்) நடத்துகிறவர்கள் வீட்டுக்காரரிடம் முன்பே சொல்லுங்கள். அபார்ட்மென்ட் என்றால் அசோசியேஷனுக்கு ஒரு வரி எழுதுங்கள். மாடிப்படியில் இருபது ஜோடி செருப்பைப் பார்த்த பிறகு அவர்களுக்குத் தெரியவருவது நல்லதல்ல.

4. ஜெபக்குறிப்பு: இங்கேதான் எல்லாம் உடையும்

இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

எங்கள் இரண்டாவது குழுவில் ஜெபக்குறிப்புகளை ஒரு நோட்டில் எழுதச் சொல்லியிருந்தோம். நீல அட்டை போட்ட நாற்பது பக்க நோட்டு, கோயில் வாசல் மேசையில் நூல் கட்டின பேனாவோடு கிடக்கும். ஒரு ஞாயிறு, சபையில் மன்றாட்டு ஜெபம் செய்யும் முறை என்னுடையது. நோட்டை எடுத்துக்கொண்டு மைக்குக்குப் போனேன். வரிசையாக வாசித்துக்கொண்டே வந்தவன், யோசிக்காமல் ஒரு வரியையும் வாசித்துவிட்டேன். ஒரு சகோதரி, தன் கணவனின் குடியைப் பற்றி எழுதியிருந்தார். பெயரை வாசிக்கவில்லை. ஆனால் கணவர் வேலை செய்யும் இடத்தை எழுதியிருந்தார், அதை வாசித்துவிட்டேன். அந்த இடத்தில் வேலை பார்ப்பவர் எங்கள் சபையில் ஒருவர்தான். அவர் மூன்றாவது வரிசையில் மனைவி பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். அந்தக் குடும்பம் அடுத்த ஞாயிறு வரவில்லை. அதற்குப் பிறகும் வரவில்லை. நோட்டில் எழுதுவதை மற்றவர்களும் நிறுத்திவிட்டார்கள். எழுத எதுவும் இல்லாத ஜெபக்குழு எத்தனை நாள் ஓடும்?

இப்போது செய்வது இது. நோட்டு கிடையாது, பூட்டுப் போட்ட மரப்பெட்டி. பக்கத்தில் சிறு சீட்டுகள். ஏ4 தாளை நாலாக வெட்டினால் போதும். சீட்டில் நாலு வரி இடம். பெயர் எழுதுவது அவரவர் விருப்பம். கீழே மூன்று கட்டம்: "ஆயர் மட்டும்", "ஜெபக்குழு மட்டும்", "சபையில் சொல்லலாம்". எதிலும் டிக் போடாமல் வந்தால் அது ஆயருக்கு மட்டும் என்றே எடுத்துக்கொள்வோம். பெட்டிச் சாவி இரண்டு: ஒன்று ஆயரிடம், ஒன்று பொறுப்பாளரிடம்.

சபையில் சொல்லலாம் என்று டிக் போட்டிருந்தாலும் மைக்கில் சீட்டை வாசிப்பதில்லை. வாரக் கடைசியில் இரண்டு பேர் உட்கார்ந்து அதை வேறு சொற்களில் எழுதுவோம். "இந்திரா நகர் கம்பெனியில் வேலை போன சகோதரன்" என்று வந்தால், "வேலைக்காகக் காத்திருக்கும் நம் பிள்ளைகள்" என்று மாறும். ஆண்டவருக்கு முகவரி தெரியும், நாம் சொல்லிக்கொடுக்க வேண்டாம்.

மூன்று மாதம் கழித்துச் சீட்டுகளைக் கிழித்து எரித்துவிடுகிறோம். அதற்கு முன், பெயர் எழுதியவர்களிடம் ஒருமுறை கேட்பது உண்டு: "அந்தக் காரியம் என்னாச்சு அக்கா? இன்னும் ஜெபிக்கணுமா?" என்னைக் கேட்டால், குழு உயிரோடு இருப்பதே இந்த ஒரு கேள்வியால்தான். ஜெபிக்கிறோம் என்று சொல்பவர்கள் நிறையப் பேர், திரும்பி வந்து கேட்பவர்கள் குறைவு.

வாட்ஸ்அப்பைப் பற்றி. குழு வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் அட்மின் மட்டும் பதிவிடும்படி அமைப்பை மாற்றிவிடுங்கள். கூட்ட நேரம், அறையின் பெயர், வேதப்பகுதி, அவ்வளவுதான் அதில் வரவேண்டும். ஒருமுறை ஒரு சகோதரரின் ஸ்கேன் ரிப்போர்ட்டை நல்லெண்ணத்தில் யாரோ குழுவில் போட்டுவிட்டார். இரண்டு மணி நேரத்தில் அது தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத்தில் இருக்கும் அவருடைய அம்மாவின் போனுக்குப் போய்ச் சேர்ந்தது. அம்மாவிடம் அவர் இன்னும் சொல்லியிருக்கவே இல்லை.

5. அந்த அரை மணி நேரம்

எங்கள் கணக்கு இது: பாட்டு ஒன்று, இரண்டு சரணம், நாலு நிமிடம். வேதப்பகுதி ஒன்று, விளக்கம் இல்லாமல் வாசிப்பு மட்டும், மூன்று நிமிடம். நன்றி ஜெபம், ஐந்து நிமிடம். குறிப்புகளுக்காக ஜெபம், பதினைந்து. மீதி மூன்று நிமிடம் மௌனம். பிறகு கர்த்தருடைய ஜெபம், வீட்டுக்கு. டீ உண்டு, ஆனால் முடிந்த பிறகுதான்.

வேதப்பகுதிக்கு விளக்கம் வைத்தால் அது பிரசங்கமாகும், பிரசங்கம் இருபது நிமிடமாகும், ஜெபத்துக்கு ஏழு நிமிடம் மிஞ்சும். இதில் மட்டும் கறாராக இருங்கள்.

வாய்திறந்து ஜெபிக்கக் கூச்சப்படுகிறவர்களை எப்படி உற்சாகப்படுத்துவது என்பதுதான் எல்லாரும் கேட்பது. "நீங்க ஜெபிங்க பிரதர்" என்று திடீரென்று பெயர் சொல்லி அழைக்காதீர்கள். அதற்குப் பயந்தே அடுத்த வாரம் வராமல் போனவர்கள் உண்டு. நாங்கள் ஒற்றை வரி ஜெபம் வைத்தோம். வட்டமாக உட்கார்ந்து, ஆளுக்கு ஒரே ஒரு வாக்கியம். வேண்டாம் என்றால் பக்கத்தில் இருப்பவரின் கையை லேசாகத் தொட்டால் போதும், முறை அடுத்தவருக்குப் போய்விடும். மர்ஃபி டவுனிலிருந்து வரும் ஒரு தாத்தா ஏழு வாரம் கையைத் தொட்டுக்கொண்டே இருந்தார். எட்டாவது வாரம், "ஆண்டவரே, பேத்திக்குக் காய்ச்சல் விட்ருச்சு" என்றார். அவ்வளவுதான். அதற்கு மேல் அந்தக் காலையில் யாராலும் ஜெபிக்க முடியவில்லை.

இங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்குத் தமிழ் பேச வரும், ஜெபத் தமிழ் வராது. "கிருபையுள்ள பரமபிதாவே" என்று தொடங்க அவர்களால் முடியாது. ஆங்கிலத்திலோ கன்னடத்திலோ கலந்து ஜெபிக்கட்டும். திருத்தாதீர்கள். பாட்டைப் போனில் அனுப்பும்போது தமிழை ஆங்கில எழுத்தில் ஒரு பிரதி எழுதி அனுப்புங்கள். பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள், பரவாயில்லை.

இரண்டு வகை ஆட்களைச் சமாளிக்க வேண்டியிருக்கும். ஒருவர், ஆதியாகமத்தில் தொடங்கி வெளிப்படுத்தல் வரை போகிறவர். அவரிடம் முன்கூட்டியே தனியாக, "அண்ணா, இன்னைக்கு நன்றி ஜெபம் மட்டும் நீங்க எடுங்க, அஞ்சு நிமிஷம்" என்று ஒரு பகுதியைக் கொடுத்துவிடுங்கள். பகுதி கொடுத்தால் அடங்குவார். இன்னொருவர், ஜெபத்தையே குத்திக்காட்டப் பயன்படுத்துகிறவர்: "ஆண்டவரே, கணக்குக் காட்டாத சிலருடைய கண்களைத் திறந்தருளும்." இவரை விட்டுவைக்காதீர்கள். அன்றைக்கே, மற்றவர்கள் போன பிறகு, நேராகப் பேசுங்கள். இரண்டாவது தடவையும் செய்தால் ஆயரிடம் விடுங்கள்.

6. ஆஸ்பத்திரிக்குப் போவது

ஓசூர், கிருஷ்ணகிரி, தர்மபுரிப் பக்கமிருந்து சிகிச்சைக்காக இங்கே வருகிறவர்கள் அதிகம். கித்வாய், நிம்ஹான்ஸ், செயின்ட் ஜான்ஸ் என்று வந்து படுத்திருப்பார்கள், இந்த ஊரில் யாரையும் தெரியாது. தமிழில் பேச ஒரு ஆள் போனாலே பாதி தேறிவிடுவார்கள். எங்கள் ஊழியத்தில் மனதுக்கு நிறைவான பகுதி இதுதான். தப்புச் செய்ய வழி அதிகம் உள்ள பகுதியும் இதுவே.

பார்வை நேரத்தைக் கேட்டு, பாஸ் வாங்கி, இரண்டு பேராகப் போங்கள். நோயாளியிடம் "ஜெபிக்கலாமா?" என்று கேளுங்கள், மாட்டேன் என்றால் சரி என்று வணக்கம் சொல்லிவிட்டு வாருங்கள். கட்டிலில் உட்காரக் கூடாது. பக்கத்துக் கட்டில்காரருக்குக் கேட்காத குரலில், பத்து நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும். பக்கத்துக் கட்டில்காரர் தானாகக் கேட்டால் தவிர அவர் பக்கம் போகாதீர்கள். எண்ணெய் பூசுவது யாக்கோபு 5:14இல் சபையின் மூப்பர்களுக்குச் சொன்னது, அதை ஆயரிடம் விடுங்கள். ஐ.சி.யூ.வில் நர்ஸ் சொல்லாமல் எதையும், யாரையும் தொடக் கூடாது.

மாத்திரையை நிறுத்தச் சொல்லும் அதிகாரம் ஜெபக்குழுவில் யாருக்கும் இல்லை. "விசுவாசம் இருந்தா மருந்து எதுக்கு?" என்று ஒரு வார்த்தை உங்கள் குழுவிலிருந்து வெளியே போனால், அந்த ஆளை அன்றே சந்திப்பு வேலையிலிருந்து நீக்குங்கள். வலிப்பு வந்தவரைப் பிடித்து அசுத்த ஆவி என்று சத்தம் போடுவதும் அப்படித்தான். ஒருக்களித்துப் படுக்கவைத்து, வாயில் எதையும் திணிக்காமல், ஆம்புலன்ஸுக்கு 108ஐ அழையுங்கள். தூக்கமில்லை, சாக வேண்டும்போல இருக்கிறது என்று சீட்டு வந்தால் ஜெபத்தோடு நிறுத்தாதீர்கள். மனநல உதவிக்கான டெலி மானஸ் எண் 14416, இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழிலும் பேசலாம். அந்த எண்ணை எங்கள் பெட்டியின் மேலேயே ஒட்டியிருக்கிறோம்.

7. சட்டம் குறுக்கிடும் இடங்கள்

முதலில் குழந்தைகள். இரகசியம் காக்கிறோம் என்று மேலே சொன்னதற்கு ஒரு விலக்கு உண்டு. ஒரு குழந்தை பாலியல் கொடுமைக்கு ஆளானது உங்களுக்குத் தெரியவந்தால், 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி போலீஸுக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். மறைத்தால் ஆறு மாதம் வரை சிறை. ஜெபக்குறிப்பில் வந்தது, ஆயர் பொறுக்கச் சொன்னார் என்பதெல்லாம் காரணமாகாது. குழந்தைகளுக்கான உதவி எண் 1098. இந்த விலக்கைக் கையெழுத்துத் தாளிலேயே எழுதிவிடுங்கள், சீட்டுப் பெட்டியின் மேலும் ஒரு வரி இருக்கட்டும்.

அடுத்தது மதமாற்றப் புகார். கர்நாடகாவில் 2022இல் மதமாற்றத் தடைச் சட்டம் வந்தது, 2023 ஜூனில் அதைத் திரும்பப் பெற அமைச்சரவை முடிவெடுத்தது. சட்டம் எந்த நிலையில் இருந்தாலும் நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான்: உதவியையும் ஜெபத்தையும் ஒரே மேசையில் வைக்காதீர்கள். ஜெபக் கூட்டத்தில் அரிசி மூட்டை கொடுப்பது, ஃபீஸ் கட்டுகிறோம் என்று சொல்லி அழைப்பது எல்லாம் வேண்டாம். உதவி செய்வதானால் சபையின் உதவி நிதி வழியாக, வேறு நாளில், யாரையும் எதற்கும் கூப்பிடாமல் செய்யுங்கள்.

போஸ்டரில் "புற்றுநோய் குணமாகும்", "குழந்தை பாக்கியம் உறுதி" என்று அச்சடிக்காதீர்கள். அற்புத சக்தியால் நோய் தீரும் என்று விளம்பரம் செய்வதைத் தடுக்க 1954இலேயே ஒரு சட்டம் இருக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும், குழந்தை இல்லாத பெண் அந்தப் போஸ்டரைக் கடந்து கோயிலுக்குள் வர வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள்.

8. பணம்

முதல் வருடம் எங்களுக்கு ஆன செலவு: மரப்பெட்டி பூட்டோடு 850 ரூபாய், சீட்டுகள் ஐந்நூறுக்கு 250, ஃபைல், பேனா என்று 200. டீ வாரம் 150 என்று வருடத்துக்கு 7,800. ஆக, ஒன்பதாயிரத்துச் சொச்சம், அதில் பெரும்பங்கு டீ. பிளாஸ்கில் வீட்டிலிருந்து கொண்டுவந்தால் பாதியாகும். ஆள் ஆளுக்கு முறை வைத்துக் கொண்டுவருவார்கள் என்று நம்பி எங்களால் முடியவில்லை, கடைசியில் கமிட்டியிடம் வருடத்துக்கு ஒரு தொகை கேட்டு வாங்கிவிட்டோம். கேட்டால் கொடுப்பார்கள், பில் வைக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஜெபக் கூட்டத்தில் காணிக்கைப் பை சுற்றாதீர்கள். ஜெபித்து வேலை கிடைத்தவர் மகிழ்ச்சியில் கவரில் ஐயாயிரம் வைத்து உங்கள் கையில் திணிப்பார். வாங்காதீர்கள். அவரையே சபைப் பொருளாளரிடம் கூட்டிக்கொண்டு போய் ரசீது வாங்கிக்கொடுங்கள். "உங்க ஜிபே நம்பர் சொல்லுங்க பிரதர், அனுப்பிடுறேன்" என்பதுதான் இப்போதைய பொறி. உங்கள் சொந்தக் கணக்குக்கு ஒரு ரூபாய் வந்தாலும் நாளைக்குக் கணக்குக் கேட்பார்கள், கேட்பதும் நியாயம்.

9. மூன்றாவது மாதம், மூன்றாவது வருடம்

மூன்றாவது மாதத்தில் கூட்டம் குறையும். இருபது பேர் ஐந்து பேராவார்கள். இது எல்லாக் குழுவிலும் நடக்கிறது. வராதவர்களுக்குப் போன் போட்டு "ஏன் வரல?" என்று கேட்காதீர்கள். போன் போடுங்கள், ஆனால் "உங்க தங்கச்சி கல்யாண விஷயம் ஞாபகம் வெச்சிருக்கோம்" என்று மட்டும் சொல்லிவிட்டு வையுங்கள். பாதிப்பேர் அடுத்த வாரம் வருவார்கள். மே மாதம் முழுக்க விடுமுறை விடுங்கள், அந்த ஆறு பேருக்கும் ஓய்வு வேண்டும்.

பொறுப்பை ஒப்படைக்கும் தேதியை முதல் நாளே கடிதத்தில் எழுதிவிடுவது நல்லது. மூன்று வருடம் சரியான அளவு. அதற்கு மேல் போனால் குழு உங்கள் பெயரில் அழைக்கப்படும். கடைசி ஆறு மாதம் அடுத்தவர் நடத்தட்டும், நீங்கள் டீ ஊற்றுங்கள். ஒப்படைக்கும்போது கொடுக்க வேண்டியவை: தீர்மானத்தின் பிரதி, கையெழுத்துத் தாள்கள், எரிக்காத சீட்டுகள், வாட்ஸ்அப் அட்மின் உரிமை, பெட்டிச் சாவி. உங்கள் பெயரை அட்மினிலிருந்து அன்றே எடுத்துவிடுங்கள்.

நான் அந்த நர்ஸ் அக்காவிடம் ஒப்படைத்தேன். சாவியை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு அவர் கேட்ட முதல் கேள்வி, "பெட்டிக்குள்ள எலி வருதா தம்பி?" வந்துகொண்டிருந்தது. அதுவரை ஓரம் கிழிந்த சீட்டுகளை ஒட்டி ஒட்டி வாசித்துக்கொண்டிருந்தேனே தவிர, யாரிடமும் சொல்லவில்லை. மறுநாளே அவர் ஆள் கூட்டிவந்து, பெட்டியைத் தரையிலிருந்து நாலடி உயரத்தில் சுவரோடு ஆணி அடித்து மாட்டிவிட்டார். நீங்கள் முதலிலேயே அப்படி மாட்டிவிடுங்கள்.